மேற்குக் கிளையா, பெரிய ஆறா? டெலவேரில் ட்ரவுட்டுக்கு ஒரு நாள்

நியூ ஜெர்சியிலோ நியூயார்க்கிலோ குடியிருந்துகொண்டு, ஒரு நாளாவது கைடு வைத்துப் படகில் போய், பூச்சி போலச் செய்த செயற்கை இரையான ஃப்ளை கட்டிய தூண்டிலில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் ஊர் நியூயார்க் மாநிலத்தின் ஹான்காக். எடிசனிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளையும் கிழக்குக் கிளையும் அங்கேதான் கூடுகின்றன. அதற்குக் கீழே ஓடுவதைத்தான் பெரிய ஆறு என்கிறேன்; கடல் வரை 330 மைலுக்கு இதில் ஓர் அணை கூடக் கிடையாது. இங்குள்ள ட்ரவுட் பண்ணையில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து கொட்டியவை அல்ல. சிற்றோடைகளிலும் ஆற்றிலுமாகப் பொரித்து வளர்ந்தவை. அதனால்தான் இத்தனை பேர் வருகிறார்கள். அதனால்தான் பிடிப்பதும் சிரமம்.

இந்தப் பயணத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கும் நண்பர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த கைடு நல்லவர்?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஹான்காக், பக்கத்து ஊரான டெபாசிட் வட்டாரத்தில் பல வருடமாகத் துடுப்புப் போடுகிறவர்களில் மோசமானவர்கள் குறைவு. எந்த மாதம் போகிறீர்கள், எந்தத் தண்ணீரில் இறங்குகிறீர்கள், படகா நடையா, இவை மூன்றும்தான் அந்த நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முழு நாள் படகுப் பயணத்துக்கு 500 முதல் 650 டாலர் வரை கேட்கிறார்கள். இது ஆளுக்கு அல்ல, படகுக்கு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் துடுப்போடு கைடு. இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் பாதி. இதற்கு மேல் 15–20 சதவீதம் டிப் வைப்பது அங்கே வழக்கம்; அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோல், நூல், ஃப்ளை எல்லாம் பெரும்பாலும் அவர்களே தருவார்கள், இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லது. நாள் ஒன்றுக்கு 6 முதல் 10 மைல் வரை ஆற்றோடு இறங்குவீர்கள். காரைக் கீழ்த்துறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடும் கைடுடையது.

மேற்கு அமெரிக்காவின் மொன்டானா மாநில மீன்பிடி வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அங்கே படகு ஓடிக்கொண்டே இருக்கும், கரையோரமாக வீசிக்கொண்டே போவார்கள். டெலவேரில் முக்கால்வாசி நேரம் காத்திருப்புதான். நீளமான, கண்ணாடி போன்ற மடுக்கள். கைடு படகை மெல்ல நழுவவிட்டபடி தண்ணீரின் மேற்பரப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கரையோரப் புல்லுக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மூக்கு வெளியே வந்து மறையும். வளையம் கூடச் சரியாக எழும்பாது. பழகாத கண்ணுக்கு அது ஒரு நீர்க்குமிழி, அவ்வளவுதான். கைடு ஒன்றும் பேசாமல் படகை மீனுக்கு மேல்பக்கமாக நாற்பது ஐம்பது அடி தள்ளி நிறுத்தி, நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்குவார். மீன் எத்தனை விநாடிக்கு ஒருமுறை எழும்புகிறது என்று எண்ணச் சொல்வார். அப்புறம்தான் வீச்சு. நீரோட்டத்தோடு ஃப்ளை கீழே போக வேண்டும். நூலுக்கு முன்னால் ஃப்ளைதான் மீனின் கண்ணில் பட வேண்டும். நூல் ஒரு நூலிழை இழுபட்டாலும் ஃப்ளை தண்ணீரில் சின்னக் கோடு போடும். மீன் அதோடு வாயை மூடிக்கொள்ளும். ஒரே மீனுக்காக நாற்பது நிமிடம் நின்றுவிட்டு, அது போய்விட, அடுத்ததைத் தேடிக் கிளம்புவது இங்கே சர்வசாதாரணம். நல்ல நாளில் ஒரு கை விரலுக்குள் எண்ணும் அளவுக்கு மீன். ஒன்றும் அகப்படாத நாளும் உண்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற கைடுதான் நேர்மையானவர்.

இந்த வேலைக்குப் படகு எதற்கு? பதில் கரையில் இருக்கிறது. ஆற்றின் இருபுறமும் பெரும்பகுதி தனியார் நிலம்; நியூயார்க் பக்கம் மரத்துக்கு மரம் 'உள்ளே வராதே' பலகை. பொதுமக்கள் இறங்கக்கூடிய இடங்களில் மே மாதச் சனிக்கிழமை காலையில் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. அந்த இடங்களில் இருக்கும் மீன்கள் காலையிலிருந்து ஃப்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவை. படகில் போனால் அடுத்தடுத்த இறங்குதுறைகளுக்கு நடுவே இருக்கிற அத்தனை மைலும் உங்களுக்குக் கிடைக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த இடத்துக்கும், மீனுக்கு மேல்பக்கம் சரியான கோணத்தில் படகை நிறுத்தித் தரும் கைக்கும்தான் போகிறது.

இனி தண்ணீர். இது புரிந்தால் மற்றது தானாக விளங்கிவிடும்.

மேற்குக் கிளையின் குறுக்கே கேனன்ஸ்வில் அணை, கிழக்குக் கிளையின் குறுக்கே பெபாக்டன் நீர்த்தேக்கத்தின் அணை. இரண்டும் நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 1950களிலும் 60களிலும் கட்டியவை. இரண்டுக்காகவும் சேர்த்து ஒன்பது கிராமங்கள் முழுகிப்போயின. அணையின் அடிமட்டத்திலிருந்து குளிர்ந்த நீர் வருவதால்தான் கோடையிலும் ட்ரவுட் பிழைக்கிறது. எவ்வளவு நீர் திறப்பது என்பது நகரத்தின் விருப்பம் அல்ல. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போட்ட தீர்ப்பின்படி நகரம் ஒரு நாளைக்கு 80 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, கீழே நியூ ஜெர்சியில் மாண்டேகு என்ற இடத்தில் ஆறு விநாடிக்கு 1,750 கன அடிக்குக் குறையாமல் ஓடும்படி தன் அணைகளிலிருந்து திறந்துவிட வேண்டும். இதைக் கண்காணிக்கத் தனியாக ஓர் அதிகாரி. காவிரி நீரைப் பிலிகுண்டுலுவில் அளந்து அளந்து சண்டை போட்ட நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதனால் தூண்டில்காரனுக்கு ஒரு தலைகீழ்க் கணக்கு வருகிறது. மழை இல்லாமல் ஜூலை காய்ந்தால் மாண்டேகுவில் நீர் இறங்கும். உடனே மேலே கேனன்ஸ்வில்லைத் திறப்பார்கள். பெபாக்டன் நீர் தரமானது, நகரம் அதைக் குடிக்க வைத்துக்கொள்ளும். பால்பண்ணை வட்டாரத்துக் கழிவு கலக்கும் கேனன்ஸ்வில் நீரைத்தான் முதலில் ஆற்றில் விடும். ஆகவே ஊரெல்லாம் வெயிலில் வாடும்போது மேற்குக் கிளையில் குளிர்ந்த நீர் நிறைய ஓடும். கீழே நல்ல மழை பெய்தால் மாண்டேகு தானாக நிரம்பும், திறப்பைக் குறைப்பார்கள், மேற்குக் கிளையில் நீர் சட்டென்று இறங்கிப் பாறை தெரியும். 'நேற்று மழை பெய்ததே, ஆற்றில் தண்ணீர் இருக்கும்' என்று நம்பி வருபவர் ஏமாறுவது இப்படித்தான். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் அளவுமானிகள் ஸ்டைல்ஸ்வில், ஹேல் எடி, லார்ட்வில் ஆகிய இடங்களில் இருக்கின்றன. ஓட்டமும் வெப்பமும் இணையத்தில் நேரடியாகத் தெரியும். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பாருங்கள்.

சரி, கிளைகளுக்கு வருவோம்.

மேற்குக் கிளை: அணைக்குக் கீழே ஹான்காக் வரை சுமார் 18 மைல். அகலம் குறைவு, தண்ணீர் கடுங்குளிர், பிரவுன் ட்ரவுட் அதிகம். ஆற்றிலிருந்து கிளம்பும் பூச்சிகளைத் தின்னத்தான் ட்ரவுட் மேலே வருகிறது; ஏப்ரல் கடைசியில் ஹெண்ட்ரிக்சன் பூச்சி கிளம்புவதில் தொடங்கி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சல்ஃபர் என்கிற வெளிர்மஞ்சள் பூச்சி மதியத்துக்கு மேல் எழும்பும் வரைக்கும் இங்கே வேலை இருக்கும். கோடை வெயிலில் வெதுவெதுப்பான காற்று இந்தக் குளிர்நீர் மேல் பட்டு ஆறு முழுக்கப் பனிமூட்டமாக நிற்கும். ஜூலையில் ஸ்வெட்டர் எடுத்துப்போகச் சொன்னால் சிரிக்காதீர்கள். குறைகள் இரண்டு. ஒன்று, நெரிசல். நல்ல பூச்சி கிளம்பும் வாரத்தில் ஒரு மடுவில் நாலு படகு, நடுவே இடுப்பளவு நீரில் நிற்பவர்கள். மற்றவர் மீனை மறிக்காமல் ஓட்டுவதே கைடுக்குப் பாதி வேலை. இரண்டாவது, இலையுதிர் காலத்தில் அணை நீர் குறைந்து கலங்கலாக வரும் நாட்கள் உண்டு. அக்டோபரில் மலையின் நிறங்களைப் பார்க்க வரலாம், மீனுக்கு உத்தரவாதம் இல்லை.

பெரிய ஆறு, அதாவது ஹான்காக்குக்குக் கீழே லார்ட்வில், லாங் எடி வழியாகக் காலிகூன் வரை போகும் சுமார் 27 மைல். அமைதி வேண்டும் என்றால் இதுதான். ஒரு பக்கம் பென்சில்வேனியா மலை, மறுபக்கம் பழைய ரயில் பாதை, நடுவே அகன்ற நீர். மேலே வெண்தலைக் கழுகு வட்டமிடும். 1978இலிருந்து மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் ஆறு இது. ரெயின்போ ட்ரவுட் இங்கேதான் அதிகம். இவை இந்த மண்ணைச் சேர்ந்தவை அல்ல. 1880களில் காலிகூன் அருகே ரயிலோடு வந்த மீன்களை ஓடையில் விட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. பிரவுன் ட்ரவுட்டும் வந்தேறிதான்; ஜெர்மனியிலிருந்து 1883இல் நியூயார்க்குக்கு வந்தது. பூர்வீகக் குடி புரூக் ட்ரவுட், அது இப்போது சிற்றோடைகளில் ஒதுங்கிவிட்டது. கதை எப்படியோ, தூண்டிலில் மாட்டிய டெலவேர் ரெயின்போ ஓடும் ஓட்டம் வேறு. நூறு கஜம் நூலை உருவிக்கொண்டு போய், கைடு நங்கூரத்தைத் தூக்கிப் பின்னாலேயே துடுப்புப் போட வைக்கும்.

பெரிய ஆற்றின் சிக்கல் வெப்பம். மே, ஜூன் முதல் பாதி அருமை. மே கடைசியில் கிரீன் ட்ரேக் என்ற பெரிய பூச்சி அந்தி நேரத்தில் கிளம்பும்போது, பகல் முழுக்கத் தலைகாட்டாத மீன்கள் கூட மேலே வரும். ஜூன் பிற்பாதி தாண்டினால் பிற்பகலில் நீர் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 20 செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் ட்ரவுட்டைப் பிடித்துத் திரும்ப நீரில் விட்டால் அது நீந்திப் போனது போலத் தெரிந்தாலும் பிழைப்பது சந்தேகம். "பிற்பகலில் போகலாம், பரவாயில்லை" என்று ஜூலையில் பெரிய ஆற்றுக்குக் கூப்பிடுகிற கைடு இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இதில் நான் கறார்.

கிழக்குக் கிளை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 33 மைல் நீளம், அழகு, கூட்டமும் குறைவு. ஆனால் பெபாக்டனிலிருந்து வரும் நீர் குறைவு என்பதால் படகுக்கு வசந்தகாலம்தான் சரி. பீவர்கில் ஓடை வந்து சேர்ந்த பிறகு நீர் கூடும், கோடையில் வெப்பமும் கூடும். இரண்டாவது, மூன்றாவது முறை வருகிறவர்களுக்கு ஏற்றது.

படகே வேண்டாம், கைடோடு நடந்து நீரில் இறங்கலாமா? இதைப் பலர் மலிவான மாற்று என்று நினைக்கிறார்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் புதிதாகக் கோல் பிடிப்பவருக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன், அதுவும் அரை நாள். காரணம் எளிது: நாற்பதடிக்கு நேராக வீசத் தெரியாமல் படகில் ஏறினால், அந்தப் படகு கொண்டுபோய் நிறுத்தும் அருமையான இடங்கள் எல்லாம் வீண். கைடு பொறுமையாகச் சிரித்துக்கொண்டிருப்பார், மீன் இருக்காது. நடையில் கைடு பக்கத்திலேயே நின்று மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லித்தர முடியும். மேற்குக் கிளையில் ஹேல் எடி அளவுமானி விநாடிக்கு 500, 600 கன அடி காட்டினால் நடப்பது சுகம். ஆயிரத்தைத் தாண்டினால் கால் நிற்காது, அன்று படகுதான். 400க்குக் கீழே போனால் வழக்கமான படகு பாறையில் உரசும். சில கைடுகள் காற்றடைத்த ராஃப்ட் கொண்டுவருவார்கள். ஆக, எது என்பதை உங்களை விட அணைதான் அதிகம் முடிவு செய்கிறது. முன்பதிவு செய்யும்போதே "அன்றைய நீரைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டுவைத்தால் போதும்.

தானே கனோ என்கிற சிறு துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போவது மூன்றாவது வழி. காட்சி பார்க்கச் சரி. துடுப்பும் கோலும் ஒரே ஆள் கையில் இருந்தால் இரண்டும் உருப்படாது. மே மாத நீரில் கவிழ்ந்தால் குளிர் சும்மா விடாது. 21 அடிக்குக் குறைவான படகில் நவம்பர் 1 முதல் மே 1 வரை உயிர்காப்பு உடை அணிந்தே இருக்க வேண்டும் என்று நியூயார்க் சட்டமே சொல்கிறது.

"இவ்வளவு செலவு செய்வதற்கு மொன்டானாவுக்கே போய்விடலாமே" என்று கேட்பவர்களும் உண்டு. மீன் எண்ணிக்கைதான் குறி என்றால் நியாயம்தான். ஹோல்ட்டர் அணைக்குக் கீழே, கிரெய்க் ஊரை ஒட்டி ஓடும் மிசௌரி ஆற்றில் மீன் அடர்த்தி டெலவேரைவிடக் கூடுதல். நீரும் கோடையில் இத்தனை ஆட்டம் போடாது. ஸ்மித் ஆறு இன்னொரு ரகம்: 59 மைல், நாலைந்து நாள் கூடாரம் போட்டு இறங்க வேண்டும், அனுமதியே குலுக்கலில்தான். விமானம், தங்குமிடம், வாடகைக் கார், மூன்று நாள் கைடு என்று கூட்டிப்பாருங்கள். அந்தப் பணத்தில் டெலவேரில் ஒரு பருவம் முழுக்க வந்து போகலாம். கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு ஒரே ஆற்றுக்குத் திரும்பத் திரும்ப வருவதுதான் லாபம் என்பது என் கணிப்பு. குடும்பத்தோடு அந்தப் பக்கம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பார்க்கப் போகிறீர்கள், நடுவில் ஒரு நாள் கிடைக்கிறது என்றால் அது வேறு கதை. தயங்காமல் மொன்டானாவில் படகு ஏறுங்கள்.

என்னிடம் ஒரே ஒரு நாளும் ஒரு நண்பரும் ஓரளவு வீசத் தெரிந்த கையும் இருந்தால், மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் ஒரு வாரநாளில் பெரிய ஆற்றில் படகு. பக்கிங்ஹாம் துறையில் ஏறி லார்ட்வில் பக்கம் இறங்குவது போல. காலை எட்டு மணிக்குத் தொடங்குவதை விட, பதினொரு மணிக்குத் தொடங்கி இருட்டும் வரை நிற்க ஒப்புக்கொள்ளும் கைடுக்கு முதலிடம். அந்தியில்தான் விஷயம் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில்தான் விடுமுறை என்றால் யோசிக்கவே வேண்டாம், மேற்குக் கிளையின் மேல்பகுதி, மதியத்துக்கு மேல், சல்ஃபர். ஏப்ரல் கடைசி வாரம் ஆசையைக் கிளப்பும், ஆனால் ஒரு குளிர்மழை வந்தால் பூச்சி இரண்டு வாரம் தள்ளிப்போகும்; விடுப்பை மாற்ற முடியாதவர்கள் அதில் பந்தயம் கட்ட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையோடு என்றால் எட்டு மணி நேரம் படகில் உட்கார வைப்பது இருவருக்கும் தண்டனை. அரை நாள் நடை போதும், மிச்ச நேரம் கல் எறியட்டும்.

நம்மவர்கள் கேட்கிற இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா? சட்டம் சில பகுதிகளில் சில மீன்களுக்கு இடம் கொடுத்தாலும், கைடுகளின் படகில் அந்தப் பேச்சே கிடையாது. பிடி, நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்று, விடு. சைவ நண்பர்கள் இதில் நம்மைவிட நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மதியச் சாப்பாடு கைடு தருவதாக இருந்தால் அநேகமாக வான்கோழி சாண்ட்விச். சைவம் என்றால் முன்பே சொல்லுங்கள், அல்லது தயிர்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். கரையில் படகை ஒதுக்கிச் சாப்பிட நல்ல இடங்கள் நிறைய உண்டு.

உரிமம் விஷயம்: இரு மாநில எல்லையாக ஓடும் பகுதியில் நியூயார்க், பென்சில்வேனியா இரண்டில் எந்த உரிமமும் செல்லும். மேற்குக் கிளையின் மேல்பகுதியும் கிழக்குக் கிளையும் நியூயார்க்குக்குள்ளேயே இருப்பதால் நியூயார்க் உரிமம் வாங்கிவிட்டால் எங்கே போனாலும் கவலையில்லை. ஒரு நாள் உரிமம் இணையத்தில் கிடைக்கும். நியூயார்க்கில் கைடு வேலைக்கும் மாநில உரிமம் கட்டாயம், அதைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

மே மாத வார இறுதிகள் பிப்ரவரியிலேயே நிரம்பத் தொடங்கிவிடும். கைடுக்கு எழுதும்போது மூன்று விஷயம் போட்டால் போதும்: எத்தனை அடி வீச வரும், இரண்டு பேரில் யார் புதுசு, மேலே எழும் மீன் மட்டும்தான் வேண்டுமா அல்லது மூழ்கும் ஃப்ளையும் சம்மதமா. கூடவே, அணை நீரைக் குறைத்தாலோ ஆறு கலங்கினாலோ முன்பணம் என்னாகும் என்று கேளுங்கள். வேறு தேதிக்கு மாற்றித் தருகிறேன் என்று எழுத்தில் சொல்பவரிடம் பணம் கட்டுங்கள்.